ஹன்னா அம்மா வீட்டு நிலையும் என் அரை டம்ளர் மஞ்சளும்

"வீடு திறப்பு வெச்சிருக்கோம், வந்துட்டுப் போண்ணே" என்று ஆக்லாந்திலிருந்து என் தங்கை கலா கூப்பிட்டாள். எந்த வீடு, யார் வீடு என்பதையெல்லாம் அவள் ஒழுங்காகத்தான் சொன்னாள். 'வீடு திறப்பு' என்றதோடு காதை மூடிக்கொண்டது நான்தான். முப்பது வருஷமாக மதுரையில் கட்டிட கான்ட்ராக்டராக இருப்பவனுக்கு வீடு திறப்பு என்றால் கிரகப்பிரவேசம். கிரகப்பிரவேசம் என்றால் மாவிலை, தேங்காய், நவதானியம், மஞ்சள், குங்குமம். அண்ணன்காரன் வெறுங்கையோடு போய் நிற்கலாமா? ஒரு பெட்டி முழுக்கக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் கையுறை போட்ட ஒரு அம்மா என் பெட்டியைத் திறந்தார். மாவிலைத் தோரணத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது சாப்பிடுவதற்கா?" என்று கேட்டார்.

"இல்லை, கதவுக்கு."

"கதவுக்கு எதற்கு இலை?"

என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே தோரணத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பின்னாலேயே தேங்காய் போனது, நவதானியம் போனது. இலை, விதை உண்டா என்ற கேள்விக்குப் படிவத்தில் 'உண்டு' என்று உண்மையை எழுதியிருந்ததால் அபராதம் போடாமல் விட்டார்கள். அந்தப் பயணத்தில் நான் புத்தியோடு செய்த ஒரே காரியம் அதுதான். கம்பெனி சீல் போட்ட மஞ்சள்தூள் பாக்கெட்டையும் குங்குமப் பாக்கெட்டையும் மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். அவற்றையும் பிடுங்கிப் போட்டிருந்தால் எத்தனையோ பேர் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

வெளியே கலாவின் வீட்டுக்காரர் யோகன் காரோடு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்காமல் சிரிப்பு மூட்டுவார்.

"பிரயாணம் எல்லாம் சுகமோ அண்ணை?"

"சுகம்தான் மாப்பிள்ளை. மாவிலைதான் போச்சு. கிரகப்பிரவேசத்துக்குன்னு கொண்டாந்தேன்."

யோகன் வண்டியை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "எங்கட வீடு குடிபுகுந்து ஒன்பது வருஷமாச்சு அண்ணை. இது கலா வேலை செய்யிற வீடு. பழைய காலத்து வீடு. திருத்திப்போட்டுச் சனத்துக்குப் பார்க்கத் திறந்து விடுகினம். அவ உங்களோட கதைக்கேக்க சொன்னவதானே?"

சொல்லியிருப்பாள். மவுண்ட் வெல்லிங்டனில் அவர்கள் வீடு வரும்வரை நான் ஜன்னல் வழியாக ஊரை ரசிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் புதன்கிழமை கலா என்னை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஒனேஹுங்கா என்ற பகுதியில், பழைய துறைமுகத்துக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. முழுக்க கௌரி மரம். கௌரி என்றதும் ஏதோ நம்ம ஊர் அம்மன் பெயராக்கும் என்று கையெடுக்கப் போனேன். அது அந்த ஊர் மரத்தின் பெயராம். நாலு அறை, ஒரு சமையலறை, அதன் பின்னால் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை. தொழில்முறையில் சொல்கிறேன்: என்னிடம் விட்டிருந்தால் இரண்டு ஜே.சி.பி., ஒன்றரை நாள். மதுரையில் நான் இடித்த பழைய வீடுகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் என் தங்கையோ இந்த வீட்டை நிமிர்த்தி நிறுத்த இரண்டு வருஷமாகக் கிடந்து உழைக்கிறாள். பழைய கட்டிடங்களைச் செப்பனிடுவதற்கென்றே படித்தவள் அவள். ஒரே வயிற்றில்தான் பிறந்தோம்.

அங்கே கிரெய்க் என்ற தச்சர் இருந்தார். அறுபது வயது இருக்கும், காதில் பென்சில். பின்னறையின் கதவு நிலையைக் கழற்றி மேஜையில் படுக்க வைத்திருந்தார். நிலையின் அடிப்பக்கம் ஒரு அடிக்கு உளுத்துவிட்டது. அந்த ஒரு அடியை மட்டும் வெட்டி, அதே வயசுள்ள அதே மரத்தைத் தேடிப் பிடித்து, ஒட்டுத் தெரியாமல் இணைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இதைச் செய்றார்?" என்று கலாவிடம் கேட்டேன்.

"நாலு நாளா."

"நாலு நாளில் நான் ஒரு தளம் போட்டிருவேன்."

"தெரியும்ணே. அதான் உன்னைக் கூப்பிடல" என்றாள்.

பிறகு ஒரு கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில் என்னை உட்கார வைத்து அந்த வீட்டின் கதையைச் சொன்னாள். அதை முழுசாக இங்கே எழுதுகிறேன். ஆனால் அன்று அதில் பாதியை நான் தூங்கிக்கொண்டே கேட்டேன் என்பதையும் எழுதியாக வேண்டும். மதுரையில் அப்போது விடியக்கூட இல்லை. உடம்பு இன்னும் மதுரையில்தான் இருந்தது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஹன்னா என்ற வெள்ளைக்கார அம்மாள் கட்டிக் குடியிருந்த வீடு அது. இங்கிலாந்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோதே, அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தொடமாட்டேன் என்று விட்டவராம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு பார்த்தால், பசிபிக் தீவுகளில் ஆட்களை ஏமாற்றியும் அடித்தும் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் விற்கும் கப்பல்கள். பத்திரிகைக்கும் அதிகாரிகளுக்கும் எழுதி எழுதித் தள்ளியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் அப்படி ஒரு கப்பலிலிருந்து குதித்து நீந்தி வந்த ஒருவனை, சமையலறைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையில் மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தார். அவனோடு பிடிபட்ட அவன் தீவுக்காரர்கள் பதினொரு பேர் கப்பலிலேயே இருந்தார்கள். கப்பல் போய்விட்டது. அவன் சமையல் கத்தியால் அந்த அறையின் நிலையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதினொரு கீறல் போட்டான். ஆளுக்கு ஒன்று. ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை.

அவன் இந்த நாட்டிலேயே தங்கிவிட்டான். அவன் வழி வந்தவர்கள் இன்று அக்கரையில் மங்கரே என்ற பகுதியில் பெரிய குடும்பம். அவர்கள் சார்பில் பேசுகிறவர் மெலே என்ற அம்மா. அவர்களுக்கு அந்த நிலை வெறும் மரமில்லை. வீட்டைத் திறப்பதென்றால் அந்தக் கீறல்களை ஊரார் பார்க்கலாமா கூடாதா என்று நாங்கள்தான் சொல்வோம் என்றிருந்தார்கள். கலா இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் சர்ச்சுக்குப் போய், கூட உட்கார்ந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கடைசியில்தான் அவர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். சனிக்கிழமை காலை மெலே வந்து பார்ப்பார். திருப்தி என்றால் ஞாயிற்றுக்கிழமை திறப்பு. இல்லையென்றால் நிலை அவர்களோடு மங்கரேக்குப் போய்விடும், திறப்பும் கிடையாது.

"அந்தக் கீறல் மேல ஒரு தூசி படாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேண்ணே" என்றாள் கலா.

"ஆமா, ஆமா" என்றேன். என் காதில் நின்றவை இரண்டே சொற்கள்: நிலை, கீறல். கீறல் விழுந்த நிலையைச் சரி பண்ணுகிறார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு எல்லோருக்கும் தேநீர் வந்தது. சர்க்கரை வரவில்லை. "சுகர்?" என்று கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஹன்னா அம்மாவுக்கு மரியாதையாக அந்த வீட்டுக்குள் வேலை செய்கிற யாரும் சர்க்கரை சேர்ப்பதில்லையாம். மூணு கரண்டி போட்டுக் குடிக்கிற ஆள் நான். வெறும் கசப்பை முழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொன்னேன்.

கிளம்பும்போது கிரெய்க், "நாளைக்கு நிலையை நிறுத்திவிடலாம்" என்று கலாவிடம் சொன்னது மட்டும் பளிச்சென்று காதில் விழுந்தது. என் வேலை சம்பந்தப்பட்ட பேச்சு அல்லவா.

வியாழக்கிழமை கலாவுக்கு ஆல்பனியில் பல்கலைக்கழகத்துக்காரர்களோடு ஒரு கூட்டம். அது ஊரின் இன்னொரு கோடி. "நீ வீட்டிலேயே ரெஸ்ட் எடு. போகணும்னா போ. ஆனா எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நிலை நிறுத்துகிற நாளில் ஒரு கான்ட்ராக்டர் ரெஸ்ட் எடுப்பானா? பையில் மஞ்சளையும் குங்குமத்தையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த ஊரில் இறங்குகிற ஒவ்வொருத்தரும் டிரைவரைப் பார்த்து "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். நம்ம ஊரில் டிரைவர் வண்டியை முழுசாக நிறுத்தினாலே பெரிய விஷயம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அடுத்தவர்கள் நன்றி சொல்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஸ்டாப்பில் நானும் டிரைவரும் மட்டும் மிச்சம்.

"அங்கிள் எங்க போவணும்?" என்று தமிழிலேயே கேட்டார் டிரைவர். மலேசியக்காரர்.

"ஒனேஹுங்கா தம்பி."

"ஐயோ, நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏறியிருக்கணும் லா. இது நேர் எதிர்ல வந்துருச்சு."

நானும் "தேங்க் யூ" சொல்லிவிட்டு இறங்கினேன். பசித்தது. பக்கத்தில் 'டெய்ரி' என்று போர்டு. பால் பண்ணையில் என்ன கிடைக்கும் என்று எட்டிப் பார்த்தால் அது பெட்டிக்கடை. ஒரு குஜராத்திக்காரர் கோழிக்கறி வைத்த 'பை' ஒன்று கொடுத்தார். மேலே மொறுமொறுவென்று சாது மாதிரி இருந்தது. உள்ளே கொதிக்கிற குழம்பு. ஒரே கடியில் நாக்கு வெந்துபோனது. ஆக, நான் வீடு போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டரை. காலையிலேயே போயிருந்தால் கிரெய்க் பக்கத்திலேயே இருந்திருப்பார். நான் போன நேரத்துக்கு அவர் நிலையை நிறுத்தி, ஆப்பு அடித்து, தூக்குக்குண்டு பிடித்து முடித்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அரை மணியில் வந்துவிடுவேன். தொடாதீர்கள்" என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தனியாக அந்த நிலையைப் பார்த்தேன். பெயிண்ட் இல்லாத வெறும் மரம், தேன் நிறம். ஒரு பூ இல்லை, ஒரு பொட்டு இல்லை. செத்த வீட்டில்கூட இப்படி நிற்காது. முப்பது வருஷத்தில் நான் நிறுத்திய எந்த நிலையும் மஞ்சள் இல்லாமல் நின்றதில்லை. கிறிஸ்தவர் வீடானாலும் சரி, சாமியே இல்லை என்பவர் வீடானாலும் சரி, அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது என் மேஸ்திரி ஒரு பொட்டு வைத்துவிடுவார். யாரையும் கேட்டதில்லை. நல்லதுக்குத்தானே செய்கிறோம், இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கு மஞ்சளைக் குழைத்தேன். இரண்டு பக்க மரத்திலும் கீழிருந்து இடுப்பு உயரத்துக்கு வழித்துப் பூசினேன். இடதுபக்கம் ஏதோ வரிவரியாகக் கீறல் இருந்தது. ஓ, கலா சொன்ன கீறல் இதுதான் போல, இன்னும் சரி பண்ணாமல் விட்டிருக்கிறார்களே என்று பரிதாபப்பட்டு, பள்ளம் தெரியாமல் இருக்க விரலால் அழுத்தி அடைத்தேன். டம்ளர் காலியானதும் குங்குமம் வைத்தேன். தள்ளி நின்று கும்பிட்டேன். அதோடு விட்டேனா? போட்டோ எடுத்துக் கலாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'நிலை நிறுத்தியாச்சு, அண்ணன் இருக்க பயமேன்' என்று கூடவே ஒரு வரி.

அரை நிமிஷத்தில் போன் அடித்தது.

"அண்ணே." குரல் வேறு மாதிரி இருந்தது. "அது எந்த நிலை?"

"பின்ரூம் நிலைதான். அம்சமா இருக்குல்ல?"

 "கையை எடு. எதையும் செய்யாதே. வெளியே போய் நில்லு" என்றாள்.

வெளியே போய் நின்றிருக்கலாம். ஆனால் தப்பை நானே சரிசெய்து விடுகிறேன் என்று ஒரு ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன். அதுவரை மேலாகக் கிடந்த மஞ்சள் அந்த ஈரத்தோடு மரத்துக்குள் இறங்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்த கிரெய்க் வாசலில் நின்று பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதை அச்சில் போட முடியாது.

கலா வந்து திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நிலையின் முன்னால் தரையில் உட்கார்ந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷால் ஒவ்வொரு கீறலாக ஒரு மணி நேரம் சுத்தம் செய்தாள். குங்குமம் உதிர்ந்து வந்துவிட்டது. மஞ்சள் நிறம் போகவில்லை. கீழே இருந்த ஏழு கீறலும் மஞ்சள். மேலே இருந்த நாலு மட்டும் தப்பியிருந்தன. அப்போதுதான் அந்தக் கதையை மறுபடி கேட்டேன், இந்தத் தடவை முழித்துக்கொண்டு. அடைத்து மூடினேனே, அது பள்ளமில்லை, ஆள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வெயில்பட்டா மஞ்சள் வெளுத்திரும் கலா. சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே. இப்ப அந்த அம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாமே" என்றேன்.

"சொல்லாம செஞ்சதுதாண்ணே இப்பப் பிரச்சினையே" என்றாள். "ரெண்டு வருஷம்ணே. முதல் ஒரு வருஷம் என்கிட்ட அவங்க பேர்கூடச் சொல்லல."

என் எதிரிலேயே மெலேயைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மறுமுனையிலிருந்து "சனிக்கிழமை ஷிப்ட் முடித்து வருகிறேன்" என்று மட்டும் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை யோகன் ஆறுதலாக, "ஓம் அண்ணை, மஞ்சள் கறை வெய்யிலுக்கு நிக்காது எண்டுறது உண்மைதான். ஆனா அந்த அறைக்குள்ள வெய்யில் எங்க வரப்போகுது?" என்றார். அவர் பேச்சுக்குச் சொன்னார். நான் விடுவேனா? அவர்கள் வீட்டு நடைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, இந்தத் தடவை ரோட்டுக்குச் சரியான பக்கத்தில் பஸ் ஏறினேன். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். ஒரு சீனத்துப் பெண் லிப்ஸ்டிக்கே போட்டுக்கொண்டாள்.

அது வசந்த காலமாம். காலையில் மழை, அப்புறம் காற்று, அப்புறம் வெயில் மாதிரி ஏதோ ஒன்று, மறுபடி மழை. கொல்லையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, சமையலறை வழியாக வெளிச்சத்தைப் பின்னறைக்குள் அனுப்பக் காத்திருந்தேன். இரண்டு மணி நேரத்தில் வெயில் வந்தது இரண்டு நிமிஷம். அதுவும் நேராகக் கிரெய்க்கின் கண்ணில் போய் விழுந்தது.

கலா ஓடி வந்தாள். "வெயிலும் அந்த மரத்துக்கு ஆகாதுண்ணே! இன்னொரு தடவை எதையாவது செஞ்சே, நேரா ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டுருவேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன வயசில் நான் அவள் பொம்மையைக் குளிப்பாட்டுகிறேன் என்று கரைத்தபோதும் இதே மாதிரிதான் அழுதாள். என்னைக் கொல்லையில் உட்கார வைத்து, பழைய ஆணிகளை அளவு பார்த்துப் பிரிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். சாயங்காலம் வரை பிரித்தேன். அதில் ஒன்றும் கெடவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெலே வந்தார். மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார். பளபளக்கிற ஆரஞ்சுச் சட்டை, கனமான பூட்ஸ். என் வயசுதான் இருக்கும். உயரத்தில் என்னைவிட ஒரு சாண் கூட. வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்" என்று கலா முன்பே சொல்லியிருந்தாள். யோகனை வைத்து எழுதி மனப்பாடம் பண்ணிய ஆங்கிலம் முழுக்க மறந்துபோனது. "நான்தான் பூசினேன். எங்கள் ஊரில் நிலை நிறுத்தினால் பூசுவோம். தப்பு என்னுடையது. என் தங்கையின் தப்பு இல்லை" என்று உளறிக்கொட்டினேன்.

மெலே நிலையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கேட்டீங்களா?" என்றார்.

"யாரை?"

"யாரையாவது."

"இல்லை."

"எங்க ஆளுங்களையும் யாரும் கேட்கல" என்றார். சத்தம் போடவில்லை. "நல்லதுக்குத்தான் கூட்டிட்டுப் போறோம்னுதான் அந்தக் கப்பல்காரங்களும் சொல்லியிருக்காங்க."

கலா சுவரோரம் நின்று தன் விரல்களையே நெரித்துக்கொண்டிருந்தாள்.

மெலே நிலைக்கு முன்னால் மண்டி போட்டார். ஒவ்வொரு கீறலாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார்.

"இது மஞ்சள்தானே?"

"ஆமாங்க."

"எங்க தீவில் அந்தக் காலத்தில் இதைப் பிறந்த குழந்தைக்குப் பூசுவாங்க. செத்தவங்களைக் குளிப்பாட்டியும் பூசுவாங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்குப் பூசினீங்க?"

நல்லதாக நாலு வார்த்தை ஜோடித்துச் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "மரத்துக்கு" என்றேன். "ஆளுங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் மறுபடி எண்ணினார். "ஏழு பேருக்குத்தான் இருக்கு. மேலே இன்னும் நாலு பேர் இருக்காங்களே, அவங்களுக்கு ஏன் பூசல?"

"டம்ளரில் தீர்ந்துபோச்சு" என்றேன்.

கிரெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டார். மெலேயின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பும் இருந்தது. அழுகைதான் அதிகம். "இவங்களை யாரும் குளிப்பாட்டல" என்றார். "எந்த மண்ணில், எந்தத் தண்ணியில் கிடக்கிறாங்கன்னுகூடத் தெரியாது."

எழுந்து கொல்லைக்குப் போய்ப் போனில் தன் மொழியில் பேச ஆரம்பித்தார். ஒருத்தரோடு இல்லை, பலரோடு. குரல் ஏறியது, இறங்கியது, ஒரு தடவை சண்டை மாதிரியும் கேட்டது. அரை மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றோம். எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றுக்கும் வேண்டிக்கொண்டேன், எனக்காக இல்லை, கலாவுக்காக.

திரும்பி வந்து என்னிடம், "இன்னும் இருக்கா அது?" என்று கேட்டார்.

பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு கலாவைப் பார்த்தார். "குடும்பத்தில் கேட்டுட்டேன். மேலே உள்ள நாலு பேருக்கும் நான் பூசலாமா?"

கலாவின் படிப்பு முழுக்க, உத்தியோகம் முழுக்க, 'கூடவே கூடாது' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவள், "உங்க ஆளுங்க. ஆனா நாளாக ஆக மங்கிப்போகும்" என்றாள்.

"மங்கட்டும். மங்கினா மறுபடி வந்து பூசுவோம். நிலை இங்கேயே இருக்கட்டும்."

கலா சட்டென்று கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மெலே தானே குழைத்தார். ஒவ்வொரு கீறலிலும் விரலை வைத்து ஒரு பெயரைச் சொன்னார். நாலு பெயர். எந்தக் கீறல் யார் என்று அவர்களுக்கும் தெரியாதாம், ஆனால் பதினொரு பெயரும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியுமாம். நாலாவது முடிந்ததும் என்னை விரலால் கூப்பிட்டார்.

"ஏழு பேருக்கு நீங்க பேர் தெரியாம பூசிட்டீங்க. இப்பச் சொல்லுங்க. நான் சொல்றேன், நீங்க சொல்லுங்க."

அவருக்குப் பக்கத்தில் மண்டி போட்டேன். முதல் பெயர் சுலபமாக வந்தது. இரண்டாவதில் தடுக்கியது. "இல்லை, மறுபடி" என்றார். மூன்றாவதை என் வசதிக்குச் சுருக்கப் பார்த்தேன், விடவில்லை. முட்டி வலித்தது, வெந்த நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடைசிப் பெயர் நீளம். நாலு தடவை சொன்ன பிறகுதான் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு, தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு திறந்தது. நல்ல கூட்டம். மெலேயின் குடும்பமே ஐம்பது பேர் வந்து பின்னறைக்கு முன்னால் நின்று பாடினார்கள். யோகன் அன்றைக்கு மட்டும் கிண்டல் எதுவும் செய்யவில்லை. கலா என் பக்கத்தில் வந்து, என் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு மெலேயிடம் போய், ஊருக்குப் போனதும் இதைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன், அந்தப் பதினொரு பெயர்களையும் அதில் எழுதலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார்.

அதனால் எழுதவில்லை. அந்த ஏழும் எனக்கு மனப்பாடம்.